செப்புக் காசில் எழுந்த வங்கி: மேகி லீனா வாக்கர் அம்மையாரின் வாழ்வும் பணியும்

விடுதலையை ஓர் ஆணை தந்துவிடலாம். அவ்விடுதலை வாழ்வாக மலர்வதற்குக் காலடியில் நிலமும் தலைக்குமேல் கூரையும் கையில் காசும் வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து, அவ்வாண்டின் இறுதியில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டபோது ஏறத்தாழ 40 இலட்சம் கறுப்பின மக்கள் தளை நீங்கினர். விலைக்கு விற்கப்பட்டவர்கள், விலைகொடுத்து வாங்கும் உரிமை உடையவர்கள் ஆயினர். ஆனால் வாங்குவதற்கு அவர்களிடம் பொருள் இல்லை. உழைத்து ஈட்டிய கூலியும் வந்த சுவடு தெரியாமல் வெள்ளையர் வீட்டு வாடகைக்கும் வெள்ளையர் கடைக்கணக்குக்கும் திரும்பிச் சென்றது. தம்மை இழிவுசெய்யும் கைகளுக்கே தம் காசும் சென்று வலிமை சேர்க்கும் இக்கொடுமையைக் கண்டு, அக்காசைத் தம் மக்களிடையே நிறுத்திவைக்க வழிகண்ட பெருமாட்டி மேகி லீனா வாக்கர் அம்மையார் ஆவார். துணி வெளுத்துப் பிழைத்த ஒரு தாயின் மகளாக வளர்ந்த அவர், அமெரிக்காவில் வங்கி ஒன்றுக்கு உரிமம் பெற்று நிறுவி, அதன் தலைமைப் பொறுப்பையும் ஏற்ற முதல் கறுப்பினப் பெண் என்னும் பெருமைக்கு உரியவர்.

துணிக்கூடை சுமந்த சிறுமி

வர்ஜீனியா மாநிலத்தின் தலைநகரான ரிச்மண்ட் நகரில் அம்மையார் பிறந்தார். பிறந்த ஆண்டு 1867 என நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. 1864 ஜூலை 15 என்பதே பின்னாளைய ஆய்வாளர் கொள்கை. அடிமைமுறையைக் காக்கப் போர்தொடுத்த தென்மாநிலக் கூட்டமைப்புக்கு அந்நாளில் ரிச்மண்டே தலைநகராய் இருந்தது. அந்நகரில் எலிசபெத் வான் லூ என்னும் செல்வச் சீமாட்டி, வடமாநிலப் படைக்கு ஒற்றறிந்து செய்தி அனுப்பி வந்தார். அவர் மாளிகைச் சமையற்கட்டில் பணிபுரிந்தவர் எலிசபெத் டிரேப்பர். முன்பு அடிமையாய் இருந்தவர். அவரே மேகியின் தாய். தந்தை எக்கிள்ஸ் கத்பர்ட், அயர்லாந்தில் பிறந்த வெள்ளையர். செய்தித்தாள் ஒன்றின் செய்தியாளர். இரு இனத்தாரும் மணந்துகொள்வதை அந்நாளைய சட்டம் ஒப்பவில்லை. தாய் பின்னர் அதே மாளிகையில் பணியாற்றிய வில்லியம் மிச்செல் என்பவரை மணந்தார். ஜானி என்னும் தம்பியும் பிறந்தான். மிச்செலுக்கு நகரின் உணவு விடுதி ஒன்றில் தலைமைப் பரிமாறுநர் வேலை கிடைக்க, குடும்பம் ஒரு சந்தில் சிறு வீடு பார்த்துக் குடியேறியது.

அவ்வாழ்வு நிலைக்கவில்லை. 1876இல் மிச்செலின் உடல் ஜேம்ஸ் ஆற்றில் கண்டெடுக்கப்பட்டது. தற்கொலை எனக் கூறி அதிகாரிகள் கோப்பை மூடினர். கொலை என்றே குடும்பத்தார் இறுதிவரை நம்பினர். ஈமச்செலவுக்கு உதவவோ, இருக்கும் குழந்தைகளுக்குச் சோறிடவோ சேமிப்பு இல்லை. தாய் வெள்ளையர் வீட்டு அழுக்குத் துணிகளை வாங்கி வெளுக்கத் தொடங்கினார். வெளுத்து மடித்த துணிகளைக் கூடையில் வைத்து வீடு வீடாகக் கொண்டுசேர்க்கும் வேலை மேகியுடையது. தம்பியைப் பார்த்துக்கொள்வதும் அவர் கடமையே. வெள்ளையர் வாழும் வீட்டின் அகலமும், தாம் வாழும் சந்தின் குறுகலும் அச்சிறுமியின் கண்ணில் நாள்தோறும் பட்டன. தாயின் கைகள் கொதிநீரிலும் சவர்க்காரத்திலும் வெந்து ஈட்டிய காசு, எண்ணி முடிப்பதற்குள் யார் யாருக்கோ சென்று சேர்வதையும் அவர் கண்டார். பிற்காலத்தில் மேடைதோறும் அவர் பேசிய பொருளியல் முழுவதும் அத்துணிக்கூடையில் கற்ற பாடமே எனலாம்.

மேடை கேட்ட மாணவர்கள்

மேகி கல்வியில் சிறந்து விளங்கினார். ரிச்மண்ட் கறுப்பினத்தார் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் 1883இல் தேறினார். அவ்வாண்டுப் பட்டமளிப்பு விழா அந்நகர வரலாற்றில் இடம்பெறும் சிறப்புடையது. வெள்ளை மாணவர்க்கு நகரின் நாடக அரங்கில் விழா நடப்பதும், கறுப்பின மாணவர்க்குத் தேவாலயத்தில் நடப்பதும் வழக்கம். இரு சாரார் பெற்றோரும் வரி செலுத்துகின்றனர். விழா மட்டும் ஏன் வேறிடத்தில் என அவ்வகுப்பின் பத்து மாணவரும் வினவினர். அரங்கைத் தருவதானாலும் அவர்தம் உற்றார் மேல்மாடத்தில்தான் அமரவேண்டும் எனப்பட்டது. மாணவர் அதனை ஏற்க மறுத்தனர். முடிவில் தம் பள்ளிக்கூட மண்டபத்திலேயே பட்டம் பெற்றனர். அரங்கு கிடைக்கவில்லை, ஆயினும் இழிவோடு வரும் எதையும் ஏற்கலாகாது என்னும் உறுதி பத்து இளம் நெஞ்சங்களில் வேரூன்றியது. கறுப்பின மாணவர் நடத்திய முதற் பள்ளிப் போராட்டங்களுள் ஒன்றாக இது மதிக்கப்படுகின்றது.

மூன்றாண்டுகள் ஆசிரியப் பணி தொடர்ந்தது. 1886இல் செங்கல் கட்டடத் தொழில் செய்துவந்த ஆர்ம்ஸ்டெட் வாக்கரை மணந்தார். மணமான பெண் ஆசிரியராய் நீடித்தல் ஆகாது என்பது அந்நாளைய விதி. பள்ளிக் கதவு மூடியது. பிறந்த மைந்தர் மூவருள் ஒருவர் குழவிப் பருவத்திலேயே மறைந்தார். ரஸ்ஸல், மெல்வின் என்னும் இருவர் வளர்ந்தனர். பள்ளி இழந்த ஆசிரியை வேறொரு பள்ளியைத் தேடிக்கொண்டார். அதன் பெயர் செயின்ட் லூக் சுயேச்சைச் சங்கம்.

31 டாலரும் 61 செண்டும்

அந்நாளில் கறுப்பின மக்களுக்கு ஆயுள் காப்பீடு எளிதில் கிட்டாது. நோயுற்றால் கைகொடுப்பாரும் இல்லை. ஆகவே அவர்கள் தமக்குள் சங்கம் அமைத்து, வாரந்தோறும் சில செண்டுகள் சந்தா செலுத்தி, நோய்க்கு மருந்துச் செலவும் சாவுக்கு அடக்கச் செலவும் அதிலிருந்து பெற்றுவந்தனர். செயின்ட் லூக் சங்கம் அத்தகையது. மேரி புரௌட் என்னும் கறுப்பினப் பெண்மணி 1867இல் பால்டிமோர் நகரில் அதனைத் தோற்றுவித்தார். மேகி பதின்பருவத்திலேயே அதன் உறுப்பினரானார். நோயுற்றோர் வீடுகளுக்குச் சென்று பார்ப்பதில் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்தார். 1895இல் சிறுவர்க்கெனச் சங்கத்தில் தனிப்பிரிவு அமைத்தார்.

1899இல் சங்கம் மூழ்கும் நிலையை அடைந்தது. பொதுச்செயலராய் இருந்தவர் பதவியை உதறினார். இருப்பில் இருந்த தொகை 31 டாலர் 61 செண்டு. கொடுக்கவேண்டிய கடனோ 400 டாலர். எஞ்சிய உறுப்பினர் ஆயிரத்துச் சொச்சம். முன்னவர்க்கு ஆண்டுக்கு 300 டாலர் ஊதியம் இருந்தது. அதனை 100 டாலராகக் குறைத்து அம்மையாரிடம் பொறுப்பை ஒப்படைத்தனர். மூழ்கும் ஓடத்தின் துடுப்பைப் பெண்ணிடம் கொடுக்கும் வழக்கம் உலகிற்குப் புதிதன்று.

அம்மையார் ஊர் ஊராகச் சென்றார். தேவாலயங்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் பேசினார். வரவு செலவை முறையாக எழுதுவித்தார். உறுப்பினர் பெருகினர், கடன் தீர்ந்தது. 1901இல் சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் தம் திட்டத்தை முன்வைத்தார். சங்கத்திற்கெனச் செய்தித்தாள் ஒன்று வேண்டும். வங்கி ஒன்று வேண்டும். பெண்கள் வேலைபெறும் கடையும் தொழிற்சாலையும் வேண்டும் என்றார். தம்மவர் காசைத் தம்மவரே திரட்டி, தம்மவர்க்கே கடனளித்து, அக்காசு பெருகுவதால் வரும் பயனையும் தம்மவரே பெறவேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

எழுத்துலகைச் சார்ந்தோர் கருதத்தக்க ஒரு செய்தி இங்குண்டு. நான்கு நிறுவனங்களுள் முதலில் தோன்றியது செய்தித்தாளே. 1902இல் செயின்ட் லூக் ஹெரால்டு வெளிவந்தது. அதே ஆண்டில் வர்ஜீனியாவின் புதிய அரசமைப்பு, தலைவரி, தேர்வு முதலிய தடைகளை இட்டுக் கறுப்பின ஆடவரின் வாக்குரிமையைப் பறித்தது. வாக்கு இழந்த மக்களுக்குச் செய்தித்தாளே வாயாக அமைந்தது. கும்பல் கொலைகளைக் கண்டித்தும், பெண்களின் உழைப்புக்கு மதிப்பு வேண்டியும் அது எழுதியது. நம்பிக்கை என்னும் முதலைச் சொல்லால் திரட்டிய பின்னரே அம்மையார் காசைத் திரட்டத் துணிந்தார்.

முறிந்த நம்பிக்கைமேல் ஒரு வங்கி

அத்துணிவு எளிதில் வந்ததன்று. வங்கி என்னும் சொல்லே முதியோர் நெஞ்சில் ஆறாத புண்ணாய் இருந்தது. விடுதலை பெற்றோர்க்கெனக் கூட்டரசு 1865இல் சேமிப்பு வங்கி ஒன்றை ஏற்படுத்தியிருந்தது. ஆட்சியாளர் பெயரை நம்பி, படைவீரரும் கூலியாட்களும் சலவைப் பெண்களும் தம் முதற் சேமிப்பை அதில் இட்டனர். வெள்ளை மேலாளர் சிலர் அப்பணத்தைத் தகுதியற்ற கடன்களில் இறைத்தனர். நிலைமை கைமீறிய பின் பிரடெரிக் டக்ளஸ் என்னும் கறுப்பினத் தலைவரைக் கொணர்ந்து தலைமையில் அமர்த்தினர். 1874இல் வங்கி மூடப்பட்டது. 61,000க்கும் மேற்பட்டோரின் ஏறத்தாழ 30 இலட்சம் டாலர் முடங்கியது. பலர்க்கு ஒரு பகுதியே திரும்பக் கிட்டியது; பலர்க்கு ஒன்றும் கிட்டவில்லை. அந்த ஏமாற்றத்தின் நினைவு ஒரு தலைமுறை கடந்தும் மறையவில்லை.

ஆகவே அம்மையார் முதலில் தாமே மாணவியானார். ரிச்மண்டில் வெள்ளையர் நடத்திய வங்கி ஒன்றில் இசைவு பெற்று, நாள்தோறும் சில மணி நேரம் அமர்ந்து வங்கிப் பணியின் நடைமுறைகளைக் கற்றார். அந்நகரில் ட்ரூ ரிஃபார்மர்ஸ் என்னும் மற்றொரு கறுப்பினச் சங்கம் 1889 முதல் வங்கி நடத்தி வந்தது. அங்குப் பயின்ற எம்மெட் பர்க் என்பாரைத் தம் வங்கிக்குக் காசாளராக்கினார். இயக்குநர் அவையில் பெண்களை அமர்த்தினார்.

1903 நவம்பர் 2ஆம் நாள் செயின்ட் லூக் பென்னி சேமிப்பு வங்கி திறக்கப்பட்டது. பென்னி என்பது ஒரு செண்டு மதிப்புள்ள செப்புக் காசு. மதிப்பிற் சிறிய அக்காசையே வங்கியின் பெயரில் பொறித்ததில் அம்மையாரின் உள்ளம் விளங்கும். அன்று 280 பேர் கணக்குத் தொடங்கினர். 8,000 டாலருக்கு மேல் வைப்புத் தொகை சேர்ந்தது. பங்கு விற்பனையும் நடந்தது. அன்று ஒருவர் செலுத்திய தொகை 31 செண்டு மட்டுமே. வேறு வங்கியாயின் அவரை வாயிலிலேயே திருப்பி அனுப்பியிருப்பர். இங்கு அவர்க்கும் ஒரு கணக்குப் புத்தகம் எழுதப்பட்டது. தம் பெயர் அச்சிட்ட ஏட்டில் மையால் எழுதப்படுவதை அன்றே முதன்முறையாகக் கண்டோர் அக்கூட்டத்தில் இருந்திருப்பர்.

குழந்தைகளுக்குச் சிறு அட்டை உண்டியல்கள் வழங்கப்பட்டன. அதில் செப்புக் காசுகள் சேர்ந்து ஒரு டாலர் ஆனதும் வங்கியில் கணக்குத் தொடங்கலாம். சிறுதுளி பெருவெள்ளம் என்னும் முதுமொழியின் பொருளை அக்குழந்தைகள் விரல்களால் எண்ணி அறிந்தனர். தெருவோரத்தில் காலணிக்கு மெருகிட்டு வந்த ஒற்றைக்கால் மனிதர் ஒருவர், வங்கியின் துணையால் சிறு கடை பிடித்து, பின்னர்ச் சொந்த வீடும் வாங்கிய வரலாற்றை அம்மையார் மகிழ்வுடன் சொல்வதுண்டு. வெள்ளையர் வங்கிகள் கறுப்பின மக்களுக்கு வீட்டுக்கடன் தர முன்வராத காலம் அது. 1920க்குள் சுமார் 600 குடும்பங்கள் இவ்வங்கியின் கடனுதவியால் சொந்த வீடு பெற்றன. வாடகைக் குடியிருப்பில் வளர்ந்த மகளுக்கு இதனினும் நிறைவு தரும் கணக்கு வேறிராது.

நடந்து வென்றதும் கடை கட்டித் தோற்றதும்

1904இல் ரிச்மண்டின் டிராம் வண்டி நிறுவனம் ஓர் அறிவிப்புச் செய்தது. இனவாரியாகப் பயணிகளைப் பிரித்து அமர்த்தும் அதிகாரம் நடத்துநர்க்கு வழங்கப்பட்டது. அம்மையாரும், ரிச்மண்ட் பிளானட் இதழாசிரியர் ஜான் மிச்செலும் மக்களை நடக்கச் சொன்னார்கள். தம்மை அவமதிக்கும் வண்டிக்குத் தம் ஐந்து செண்டைத் தருவதேன் என்பதே கேள்வி. சலவைப் பெண்களும் புகையிலை ஆலைத் தொழிலாளரும் வெயிலில் நடந்தனர். ஏற்கெனவே நலிந்திருந்த அந்நிறுவனம் அவ்வாண்டே நொடித்தது. ஆயினும் 1906இல் மாநிலச் சட்டமே இப்பிரிவினையைக் கட்டாயமாக்கிற்று. காசு ஒரு நிறுவனத்தைப் பணியவைக்கும். சட்டம் இயற்றும் அவையில் வாக்கு இல்லாதபோது காசின் கை அதற்கு அப்பால் நீள்வதில்லை. இவ்வுண்மையை அம்மையார் மறக்கவில்லை.

1905இல் செயின்ட் லூக் எம்போரியம் என்னும் பல்பொருள் அங்காடி, நகரின் பெருவணிகத் தெருவாகிய பிராடு தெருவில் திறக்கப்பட்டது. கறுப்பினப் பெண்கள் பின்கதவால் நுழையாமல் முன்வாயிலால் புகுந்து, மதிப்போடு பொருள் வாங்கும் கடை. அவர்களே விற்பனையாளராகவும் கணக்கராகவும் பணிபுரியும் கடை. ஏறத்தாழ 15 பெண்கள் அங்கு வேலை பெற்றனர். அடுப்படியும் சலவைத் தொட்டியும் புகையிலை ஆலையும் அன்றி வேறு வேலை கண்டிராத சமூகத்தில் அந்த 15 என்னும் எண் சிறிதன்று.

வெள்ளை வணிகர்கள் இதனைப் பொறுக்கவில்லை. கடை திறக்கும் முன்னரே கட்டடத்தை அதிக விலைக்குக் கேட்டனர். அம்மையார் மறுக்கவே, தமக்குள் ஒரு சங்கம் கூட்டினர். இக்கடைக்குச் சரக்கு அனுப்பினால் தாம் வாங்குவதை நிறுத்திவிடுவதாக மொத்த வணிகர்களை மிரட்டினர். சரக்கு வரத்துத் தடைப்பட்டது, விலை கூடிற்று. பிறிதொரு துன்பமும் நேர்ந்தது. கறுப்பினப் பெண்களுள் பலர் தம் கடையைத் தாண்டிச் சென்று, சில செண்டுகள் மலிவெனக் கருதி வெள்ளையர் கடைகளிலேயே பொருள் வாங்கினர். அம்மையார் மேடையேறி அவர்களை உரிமையுடன் கடிந்துகொண்டார். தம்மை விழுங்கவரும் சிங்கத்திற்குத் தாமே இரையிட்டு வளர்ப்பது அறிவாகுமோ என்னும் கருத்துப்பட அவர் உரையாற்றியதுண்டு. ஆயினும் வாரக் கூலியில் காலந்தள்ளும் தாய்க்கு இரண்டு செண்டு மலிவும் பொருட்டே என்பதைச் சலவைப் பெண்ணின் மகள் அறியாதவரல்லர். நட்டம் ஆண்டுதோறும் தொடர, 1911இல் அங்காடி மூடப்பட்டது. தொழிற்சாலைத் திட்டம் கனவாகவே நின்றது.

இத்தோல்வியை அம்மையாரின் வரலாற்றிலிருந்து மறைத்தல் அவருக்குச் செய்யும் சிறப்பாகாது. வங்கி வென்றதும் அங்காடி தோற்றதும் ஒரே கையால் நிகழ்ந்தவை. சேமிப்புக்கு வேண்டிய காசு மக்களிடம் இருந்தது. அதனைக் காக்கும் நேர்மை அம்மையாரிடம் இருந்தது. அங்காடிக்கு வேண்டிய சரக்கோ பிறர் கையில் இருந்தது. சொந்தக் கடை வைத்திருத்தல் ஒன்று. அக்கடைக்குச் சரக்கு வரும் வழியெல்லாம் திறந்திருத்தல் வேறொன்று. கறுப்பின வணிகர்தம் உரிமைப் போராட்டத்தின் முழு வடிவமும் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவில் அடங்கியுள்ளது.

அங்காடியின் வீழ்ச்சி வங்கியைச் சாய்க்காமற் காத்தது அம்மையாரின் எச்சரிக்கையே. 1910இல் ட்ரூ ரிஃபார்மர்ஸ் வங்கி நொடித்தது. தன் சங்கத்தின் வணிகங்களுக்கே தக்க ஈடின்றிக் கடன் கொடுத்ததும், காசாளரின் கையாடலும் அதற்குக் காரணங்களாயின. அதே ஆண்டில் மாநில அரசு வங்கிகளைத் தணிக்கை செய்யத் தனித்துறை அமைத்தது. புதிய விதிகள் கறுப்பின வங்கிகள்மேல் கடுமையாகவே விழுந்தன. அம்மையார் விதியை நொந்து நிற்கவில்லை. வங்கியைச் சங்கத்திலிருந்து பிரித்து, செயின்ட் லூக் பேங்க் அண்டு டிரஸ்ட் கம்பெனி என்னும் தனி நிறுவனமாக 1911இல் மாற்றியமைத்தார். தாம் தோற்றுவித்த இரண்டிற்கும் நடுவே தாமே சுவரெழுப்பினார்.

வீட்டில் விழுந்த இடி

பொதுவாழ்வில் இத்துணை எச்சரிக்கையுடன் நடந்தவர் இல்லத்தில் இடி விழுந்தது. ஜாக்சன் வார்டு என்னும் கறுப்பினத்தார் பகுதியில், கிழக்கு லீ தெருவில் அம்மையார் குடும்பம் வாழ்ந்து வந்தது. 1915 ஜூன் 20ஆம் நாள், அப்பகுதியில் திருடன் நடமாடுவதாக அஞ்சியிருந்த நிலையில், மகன் ரஸ்ஸல் இருளில் கண்ட உருவத்தைத் திருடன் எனக் கருதிச் சுட்டார். வீழ்ந்தவர் தந்தை. மகன்மேல் கொலைவழக்குத் தொடுக்கப்பட்டது. கணவனை இழந்த துயரத்தினூடே மகனைக் காக்கும் கடமையும் அத்தாய்மேல் விழுந்தது. மாதங்கள் நீண்ட வழக்கின் முடிவில் குற்றமில்லை எனத் தீர்ப்பாயிற்று. ஊர்வாய் மட்டும் ஓயவில்லை. இதனையே காரணமாக்கி அம்மையாரைச் சங்கப் பொறுப்பிலிருந்து நீக்கச் சிலர் முயன்றனர். அவர் உறுப்பினர்முன் நேரில் நின்று பேசினார். உறுப்பினர் அவரைக் கைவிடவில்லை. ரஸ்ஸலோ அந்நிகழ்ச்சியிலிருந்து மீளாமலே 1923இல் மறைந்தார். அதற்கு முந்தைய ஆண்டில் தாய் எலிசபெத்தும் மறைந்திருந்தார். கைம்மையும் மகன் மறைவும் தாயிழப்பும் எட்டாண்டில் அடுத்தடுத்து வந்தன. அவ்வாண்டுகளிலும் சங்கத்தின் கணக்கேடு ஒருநாளும் எழுதப்படாமல் இருந்ததில்லை.

சக்கர நாற்காலியிலிருந்து

1920இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. அம்மையார் கறுப்பினப் பெண்களை வாக்காளராகப் பதிவுசெய்விக்கும் பணியில் முன்னின்றார். 1921இல் குடியரசுக் கட்சி கறுப்பினத்தாரை ஒதுக்கவே, அவர்கள் தனிப்பட்டியல் அமைத்துத் தேர்தலில் நின்றனர். ஜான் மிச்செல் ஆளுநர் பதவிக்கும், அம்மையார் மாநிலக் கல்விக் கண்காணிப்பாளர் பதவிக்கும் போட்டியிட்டுத் தோற்றனர். மணமானவர் எனப் பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட ஆசிரியை, மாநிலக் கல்விக்கே தலைமைகோரி நின்ற காட்சி வெற்றி தோல்விகளைக் கடந்தது.

சங்கம் ஆலமரமாய் விரிந்தது. 1920களின் நடுவில் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அதன் உறுப்பினர் ஓர் இலட்சத்தை எட்டினர். அம்மையாரின் உடலோ ஒடுங்கி வந்தது. முன்னொருகால் விழுந்ததில் முழங்காலில் பட்ட அடியும் நீரிழிவும் சேர்ந்து, 1928 முதல் அவரைச் சக்கர நாற்காலியில் இருத்தின. அவர் வீட்டில் மின்தூக்கி அமைத்தார், நாற்காலியுடன் ஏறுமாறு மோட்டார் வண்டியைத் திருத்தியமைத்தார், அலுவல்களைத் தொடர்ந்தார்.

1929இல் அமெரிக்கப் பொருளியல் சரிந்தது. நாடெங்கும் வங்கிகள் வீழ்ந்தன. 1888 முதல் 1934 வரை கறுப்பினத்தார் தோற்றுவித்த வங்கிகள் 130க்கும் மேல். அவற்றுள் மிகப்பல மறைந்தன. ஜான் மிச்செலின் வங்கி 1922இலேயே மூடப்பட்டிருந்தது. தனித்து நின்றால் தம் வங்கியும் சாயும் என அம்மையார் முன்னுணர்ந்தார். ரிச்மண்டில் இருந்த வேறிரு கறுப்பின வங்கிகளைத் தம் வங்கியோடு இணைத்தார். 1931இல் இணைப்பு நிறைவெய்தி, கன்சாலிடேட்டட் பேங்க் அண்டு டிரஸ்ட் கம்பெனி உருவானது. அம்மையார் தலைவர் நாற்காலியை விட்டிறங்கி, இயக்குநர் அவையின் தலைமையை ஏற்றார். தம் பெயரோடு இணைந்த செயின்ட் லூக் என்னும் பெயர் வங்கியின் வாயிலிலிருந்து மறைவதைக் குறித்து அவர் தயங்கவில்லை. பெயர் போயினும் மக்களின் காசு போகலாகாது என்பதே அவர் கருத்தாயிருந்தது. 1874இல் முதியோர் நெஞ்சில் விழுந்த புண்ணுக்கு அம்மையார் இட்ட மருந்து இதுவாகும்.

1934 டிசம்பர் 15ஆம் நாள் அவர் மறைந்தார். ரிச்மண்டின் எவர்கிரீன் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

எஞ்சி நிற்பது

அம்மையார் காத்த வங்கி அவர் மறைவுக்குப் பின் எழுபதாண்டுகள் கறுப்பினத்தார் கையிலேயே நடந்தது. 2005இல் அது வாஷிங்டனைச் சார்ந்த வேறொரு நிறுவனத்தின் உடைமையாயிற்று. பின்னர் மீண்டும் கைமாறி, 2011இல் பழைய பெயரையும் இழந்தது. ஜாக்சன் வார்டின் நடுவே 1950களில் விரைவு நெடுஞ்சாலை ஒன்று வெட்டப்பட்டு, அங்கிருந்த வீடுகள் பல இடிக்கப்பட்டன. கடன் வாங்கிக் கட்டிய கூரையும் பிறர் வரைந்த ஒரு கோட்டால் நொறுங்கும் என்பதை அச்சாலை இன்றும் காட்டி நிற்கின்றது.

கிழக்கு லீ தெருவிலுள்ள அம்மையாரின் இல்லம் 1978இல் தேசிய வரலாற்றுத் தலமாக ஏற்கப்பட்டது. 2017 ஜூலை 15ஆம் நாள், அவர் பிறந்தநாளில், பிராடு தெருவில் அவர்க்கு வெண்கலச் சிலை எழுந்தது. எந்தத் தெருவில் அவர் கடை வைக்கலாகாது என வணிகர் கூடித் தடுத்தனரோ, அதே தெருவில் அவர் நிற்கின்றார்.

சிலையும் இல்லமும் பார்ப்போர்க்கு உரியவை. அவர் விட்டுச்சென்ற பெருஞ்செல்வம் வேறு. காசுக்கும் மானத்திற்கும் உள்ள உறவை அவர் கணக்கெழுதிக் காட்டினார். ஏழையின் சிறுதொகையை மதித்து வாங்கி, ஒரு செண்டும் குறையாமல் திருப்பிக் கொடுக்கும் இடம் ஒன்று இருந்தால், அவ்வேழை நிமிர்ந்து நடப்பார் என்பதை மெய்ப்பித்தார். 1903 நவம்பர் 2ஆம் நாள் 31 செண்டோடு வந்து நின்றவரின் பெயர் வரலாற்று நூல்களில் பேசப்படுவதில்லை. அவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கப்பட்ட அந்தக் கணக்கேடே மேகி லீனா வாக்கர் அம்மையாரின் வாழ்வுக்குத் தக்க நினைவுச் சின்னம் ஆகும்.